ஆலோசகர் யாருடைய ஆள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும், குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அதையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த வாசகர் கடிதங்கள், எத்தனை பேரை நியமிப்பது, என்ன சம்பளம் கொடுப்பது, எந்தப் பட்டம் படித்தவரை எடுப்பது என்ற கேள்விகளையே சுற்றி வருகின்றன. அவை வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் கல்லூரி ஒன்றில் உளவியல் கற்பித்துக்கொண்டே அதன் ஆலோசனை மையத்தையும் கவனித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று விடுபட்டுப்போனதாக எனக்குத் தோன்றுகிறது. நியமிக்கப்படும் அந்த நபர் யாருக்காக வேலை செய்யப்போகிறார்? முதல்வருக்காகவா, பெற்றோருக்காகவா, எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்காகவா?

இதை நிர்வாக விஷயமாகப் பார்க்கிறவர்களே அதிகம். உளச்சிகிச்சைக் கோட்பாட்டைச் சற்று ஊன்றிப் படித்தவர்களுக்கு இது நிர்வாக விஷயம் அல்ல, சிகிச்சையின் மையமே இதுதான் என்பது தெரியும். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

உளச்சிகிச்சையில் இன்று எண்ணற்ற முறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையைச் சேர்ந்தவர்களும் தங்கள் வழியே சிறந்தது என்று வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1936லேயே அமெரிக்க உளவியலாளர் சால் ரோசன்ஸ்வைக், முறைகள் வேறுபட்டாலும் பலன்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதைச் சுட்டிக்காட்டி, எல்லா முறைகளுக்கும் பொதுவாக உள்ள ஏதோ சில கூறுகளே வேலை செய்கின்றனவோ என்ற ஐயத்தை எழுப்பினார். 1952இல் ஹான்ஸ் ஐசன்க் இன்னும் ஒரு படி மேலே போய், இந்தச் சிகிச்சைகளால் பயன் உண்டு என்பதற்கே சான்று இல்லை என்று எழுதினார். அந்தத் தாக்குதலுக்கு உரிய பதில் வர கால் நூற்றாண்டு பிடித்தது. 1977இல் மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் ஏறத்தாழ 375 ஆய்வுகளை ஒருங்கிணைத்துக் கணக்கிட்டு, சிகிச்சை பெற்ற சராசரி மனிதர் அதைப் பெறாதவர்களில் 75 விழுக்காட்டினரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்று காட்டினார்கள். முறைக்கும் முறைக்கும் இடையே பெரிய வேறுபாடு அவர்கள் கணக்கிலும் தென்படவில்லை. அப்படியானால் பொதுவாக வேலை செய்வது எது? அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் விடை, ஆலோசகருக்கும் அவரிடம் வந்தவருக்கும் இடையிலான உறவின் வலிமை என்பதே.

அந்த உறவு என்பது வெறும் இனிமையான பேச்சு அல்ல. எட்வர்ட் போர்டின் 1979இல் அதை மூன்று கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். எதற்காகச் சந்திக்கிறோம் என்ற இலக்கில் இருவருக்கும் உடன்பாடு இருக்க வேண்டும். அதற்காக அந்த அறையில் என்ன செய்யப்போகிறோம் என்பதிலும் உடன்பாடு இருக்க வேண்டும். இவ்விரண்டையும் தாங்கும் அளவுக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இருக்க வேண்டும். துறைத் தலைவர் அனுப்பியதால் வந்து உட்கார்ந்திருக்கும் மாணவரிடத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். அவருடைய வருகைப் பதிவை 75 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுவருவது துறைத் தலைவரின் இலக்கு. எப்படியாவது அந்த அறையை விட்டு வெளியே போய்விடுவது மாணவரின் இலக்கு. ஆலோசகரின் இலக்கு இவற்றில் எது என்பது தெளிவாகாத வரையில், போர்டின் சொன்ன முதல் படியையே அந்தச் சந்திப்பு தாண்டாது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் இதை மிக முன்னதாகவே, அதுவும் பிள்ளைகளோடு வேலை செய்தபோதே, கண்டுகொண்டார். நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் அவர் 12 ஆண்டுகள் குழந்தைகள் நல அமைப்பில் பணியாற்றினார். அங்கே அடங்காத ஒரு சிறுவனின் தாயோடு நடந்த சந்திப்புகளைப் பின்னாளில் அவரே பதிவு செய்திருக்கிறார். சிறுவயதில் தாய் காட்டிய வெறுப்பே பிள்ளையின் நடத்தைக்குக் காரணம் என்று முடிவு செய்துகொண்டு, அதை அந்தத் தாய்க்குப் புரியவைக்கப் பல சந்திப்புகளில் முயன்றிருக்கிறார். ஒன்றும் நகரவில்லை. நாம் இருவரும் முயன்றோம், பலிக்கவில்லை, விட்டுவிடலாம் என்று அவர் சொல்ல, அந்தத் தாயும் ஒப்புக்கொண்டு கதவு வரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்து, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் மறுபடி நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, தம் மணவாழ்வின் துயரங்களைக் கொட்டத் தொடங்கினார். பிள்ளையின் வரலாறு என்று அதுவரை ஒழுங்காக ஒப்பித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கே வலிக்கிறது, எந்தத் திசையில் போக வேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்ற பாடத்தை அன்று கற்றதாக ரோஜர்ஸ் எழுதுகிறார். பிறகு 1957இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, மாற்றம் நிகழ ஆறு நிபந்தனைகளை முன்வைத்தது. அவற்றில் மூன்று இன்று எல்லாப் பாடநூல்களிலும் உள்ளன: ஆலோசகர் முகமூடி இல்லாமல் உண்மையாக இருப்பது, வந்தவரை நிபந்தனையின்றி மதித்து ஏற்பது, அவருடைய உலகத்தை அவர் கண்வழியே உணர்வது. இந்த நிபந்தனைகள் இன்றியமையாதவை மட்டுமல்ல, இவையே போதுமானவை என்றும் ரோஜர்ஸ் அடித்துச் சொன்னார். போதும் என்பதை நான் ஏற்கவில்லை. கையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டே இருக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கு, அன்பான செவி மட்டும் போதாது; அதற்கென்று வகுக்கப்பட்ட பயிற்சி முறைகள் வேண்டும், சிலருக்கு மருந்தும் வேண்டும். ஆனால் ரோஜர்ஸின் நிபந்தனைகள் இல்லாமல் எதுவும் நடக்காது என்ற பாதியை மறுக்க, என் அனுபவத்தில் எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு உரையாடலைத் தருகிறேன். எந்தத் தனி மாணவரையும் குறிக்காமல், பலரிடம் கேட்டவற்றைச் சேர்த்து நான் அமைத்தது இது. இரண்டாம் ஆண்டு மாணவர். இரண்டு தாள்களில் அரியர். வகுப்புக்குச் சரியாக வருவதில்லை. "ஹாஸ்டல்ல இருக்கவே பிடிக்கல மேடம். வீட்டுக்குப் போகவும் பிடிக்கல" என்கிறார். நல்ல மனமுள்ள ஆசிரியர் ஒருவர் இதற்கு என்ன சொல்வார் என்பது நமக்கெல்லாம் தெரியும். "இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்ப்பா. போனைக் கொஞ்சம் தள்ளி வை. காலையில எழுந்து வாக்கிங் போ. உனக்காக அப்பா அம்மா எவ்வளவு கஷ்டப்படுறாங்கன்னு நினைச்சுப் பாரு." மாணவர் "சரிங்க மேடம்" என்பார். அத்தோடு சந்திப்பு முடிந்துவிடும். பதிவேட்டில் "அறிவுரை வழங்கப்பட்டது" என்ற வரியும் ஏறிவிடும்.

பயிற்சி பெற்றவர் அதே வாக்கியத்துக்கு, "ஹாஸ்டலும் வேண்டாம், வீடும் வேண்டாம்னா, எங்க போறதுன்னே தெரியாம இருக்கா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார். நிறுத்துவதுதான் கடினம், மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது நான் அதிகம் போராடியது இந்த மௌனத்தோடுதான். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பையன், "வீட்டுக்குப் போனா அரியர் எத்தனைன்னு அப்பா கேப்பாரு. சித்தப்பா பையனுக்கு ப்ளேஸ்மென்ட் கிடைச்சிருச்சு" என்பார். அப்பா கேட்பார் என்று நினைக்கும்போது மனத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்டால், "நான் எதுக்குமே லாயக்கில்லன்னு" என்ற பதில், பெரும்பாலும் தரையைப் பார்த்தபடி, வரும். அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் 1960களில் பிலடெல்ஃபியாவில் மனச்சோர்வுற்றவர்களிடம் கண்டறிந்து, தானாக எழும் எண்ணங்கள் என்று பெயரிட்டது இதைத்தான். இந்த இடத்தில், "அப்படியெல்லாம் சொல்லாதே, நீ கெட்டிக்காரன்" என்று ஆறுதல் சொல்லிவிட்டால் வேலை கெட்டது. அந்த எண்ணத்தை இருவருமாக எடுத்து மேசை மேல் வைத்து, எதை வைத்து இப்படி ஒரு முடிவுக்கு வந்தோம், இதற்கு மாறான சான்று ஏதாவது உண்டா, இதே நிலையில் இருக்கும் நண்பனிடம் நாம் இப்படிச் சொல்வோமா என்று ஆராய்வதே பெக்கின் வழி. அதோடு, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா என்பதையும் ஆலோசகர் நேராகவே கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது ஆகிவிடுமே என்ற அச்சம் பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பரவலாக உண்டு. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து.

பெக், ஆழ்மனத்தை ஆராயும் ஃப்ராய்டின் வழியைப் பின்பற்றிய உளப்பகுப்பாய்வாளராகத் தொடங்கியவர் என்பதையும், அவரைத் திசைதிருப்பிய நிகழ்ச்சிகளில் ஒன்று ஆலோசகர் குறித்து வந்தவருக்கு இருந்த எண்ணமே என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தம் அந்தரங்க வாழ்வைப் பற்றி வெகுநேரம் பேசிய ஒரு பெண் பதற்றமாக இருந்தார். பேசிய பொருளே பதற்றத்துக்குக் காரணம் என்று பெக் விளக்கம் சொன்னார். உண்மையில் அந்தப் பெண்ணோ, தாம் பேசுவது பெக்குக்குச் சலிப்பூட்டுகிறதே என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தார். வாய் ஒன்றைப் பேச, மனம் எதிரே இருப்பவரின் முகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்கத் தனியார் மருத்துவரின் அறையிலேயே இப்படி என்றால், அடுத்த பருவத்தில் தனக்கு இன்டெர்னல் மார்க் போடப்போகும் ஆசிரியையே ஆலோசகராக எதிரே அமர்ந்திருக்கும்போது, மாணவர் மனம் எதைப் படித்துக்கொண்டிருக்கும்?

இரட்டை உறவு என்று தொழில் நெறிகள் எச்சரிப்பது இதைத்தான், ஆனால் நம் கல்லூரிகளில் இதுதான் வழக்கமான ஏற்பாடு. உளவியலோ சமூகப் பணியோ படித்த ஆசிரியர் ஒருவருக்கு, பாடச் சுமையில் எதையும் குறைக்காமல், ஆலோசனைப் பொறுப்பும் கூடுதலாகத் தரப்படுகிறது. சில இடங்களில் அவரே ஒழுங்குக் குழுவின் உறுப்பினராகவும் இருக்கிறார். காலையில் மாணவரின் கைப்பேசியைப் பறிமுதல் செய்தவரிடமே மாலையில் மனத்தைத் திறக்கச் சொல்கிறோம்.

இந்த ஏற்பாடு பலன் தருமா என்பதை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 75 அரசு உயர்நிலைப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில், இதற்கென்றே வெளியிலிருந்து எடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற, தொழில்முறை உளவியலாளர் அல்லாத ஆலோசகர்கள் பள்ளி நலத் திட்டத்தை நடத்தினார்கள். இன்னொரு பிரிவில் அதே திட்டத்தைப் பள்ளியின் ஆசிரியர்களே நடத்தினார்கள். மூன்றாவது பிரிவில் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி மட்டும். 2018இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில், பள்ளிச் சூழல் பற்றிய மாணவர்களின் மதிப்பீடும், மனச்சோர்வு, வம்புக்கிழுத்தல், வன்முறை ஆகியவை குறித்த அளவீடுகளும் தெளிவாக மேம்பட்டன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளுக்கும் வழக்கமான கல்வி மட்டும் தந்த பள்ளிகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தனிநபர் ஆலோசனை அத்திட்டத்தின் ஒரு பகுதிதான், முழுமையும் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும், ஆசிரியர்கள் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும், இருக்கிற ஆசிரியர்களில் ஒருவருக்கே இரண்டு நாள் பயிற்சி கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போடும் நிர்வாகங்கள் இந்த முடிவைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

அனுப்புகிறவருக்கும் வருகிறவருக்கும் இலக்கு வேறுபடும்போது என்ன நடக்கும் என்பதற்கு, இத்துறையின் தொடக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1900ஆம் ஆண்டில் வியன்னாவில் 18 வயதுப் பெண் ஒருத்தியை அவளுடைய தந்தை ஃப்ராய்டிடம் அழைத்து வந்தார். குடும்ப நண்பர் ஒருவர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக அவள் சொன்னதைத் தந்தை நம்பவில்லை. அந்த நண்பரின் மனைவியோடு தந்தைக்கே தொடர்பு இருந்தது. மகளின் மனத்தைத் திருத்தி வழிக்குக் கொண்டுவாருங்கள் என்பதே அவர் ஃப்ராய்டிடம் வைத்த கோரிக்கை. அவள் சொன்ன நிகழ்ச்சி உண்மை என்று ஃப்ராய்ட் ஏற்றுக்கொண்டார். ஆனால் அவளுடைய அருவருப்புக்குப் பின்னால் ஆசை ஒளிந்திருப்பதாக விளக்கிக்கொண்டே போனார். ஏறத்தாழ 11 வாரங்களில், அந்த ஆண்டின் கடைசி நாளில், அவள் சிகிச்சையை முறித்துக்கொண்டு போய்விட்டாள். டோரா என்ற புனைபெயரில் 1905இல் வெளியான இந்த வரலாற்றில், வாழ்வில் முன்பு வந்தவர்கள் மேல் இருந்த உணர்ச்சிகளை அவள் தம் மேல் ஏற்றிப் பார்த்ததை உரிய நேரத்தில் கவனிக்கத் தவறிவிட்டதாக ஃப்ராய்டே ஒப்புக்கொண்டார். உணர்ச்சி இடமாற்றம் என்ற கருத்தாக்கத்துக்கு அவ்வளவு எடை வந்ததில் இந்தத் தோல்விக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இன்னொன்றும் இருக்கிறது. தந்தை அழைத்து வந்து, தந்தையின் நண்பருக்குச் சாதகமான விளக்கத்தையே சொல்லும் மருத்துவரை, அந்தப் பெண் தன் பக்கத்து ஆளாக எப்படி நினைத்திருக்க முடியும்?

இங்கே எதிர்வாதம் ஒன்று வரும். அதில் வலு இருப்பதால் ஒதுக்கிவிடக் கூடாது. ரோஜர்ஸும் ஃப்ராய்டும் தனிமனிதனை மையமாக வைத்த சமூகங்களில் இருந்தவர்கள். நம் ஊரில் பெரியவர்களிடம் யோசனை கேட்பதும், குடும்பமே சேர்ந்து முடிவெடுப்பதும்தான் இயல்பு. வந்தவரின் வாக்கியத்தையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தால், இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எழுந்து போய்விடுவார்கள் என்பது அந்த வாதம். இந்திய உளமருத்துவர்கள் இதை என்றோ பேசிவிட்டார்கள். 1964இலேயே சூர்யாவும் ஜெயராமும், இங்கே வருபவர்கள் மன ஆழத்துக்கான விளக்கத்தைவிட நேரடியான ஆதரவையே நாடுகிறார்கள் என்றும், சிகிச்சை அளிப்பவர் விலகி நிற்பதை விரும்புவதில்லை என்றும் எழுதினார்கள். 1973இல் ஜஸ்வந்த் சிங் நேக்கி, குரு சீட உறவையே உளச்சிகிச்சை உறவுக்கு ஒரு முன்மாதிரியாகக் கொள்ளலாம் என்று முன்மொழிந்தார். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களில் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரையும் தங்கவைத்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையமும் குடும்பத்தினர் உடனிருந்து கவனிக்கும் முறையைத்தான் கைக்கொண்டது. உலகம் பின்னாளில் பாராட்டிய முறைகள் இவை.

நான் இவற்றோடு முரண்படவில்லை. ஆலோசகர் கொஞ்சம் கூடுதலாகப் பேசலாம். கேட்டால் யோசனையும் சொல்லலாம். "சாப்பிட்டியாப்பா" என்று தொடங்குவதால் எந்தக் கோட்பாடும் இடிந்துவிடாது. ஆனால் நேக்கி சொன்ன குரு, சீடன் தம்மிடம் சொன்னதை மாலையில் போய் ஊர்த் தலைவரிடம் ஒப்பிக்கிறவர் அல்லர். அமிர்தசரஸிலும் வேலூரிலும் குடும்பம் நோயாளியின் கண்ணெதிரே அங்கேயே இருந்தது. மாணவருக்குத் தெரியாமல் ஆலோசகர் அவருடைய தந்தைக்குப் போன் செய்வது குடும்பச் சிகிச்சை ஆகாது. குடும்பத்தை அழைக்க வேண்டுமா, யாரை அழைப்பது, அவர்களிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை முதலில் மாணவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டால், பெரும்பாலான மாணவர்கள் சம்மதிக்கவே செய்கிறார்கள். அத்தை, தாய்மாமன், மணமாகிப் போன அக்கா என்று, பெற்றோரைவிடப் பயன்படும் ஒரு பெயரை அவர்களே சொல்வதும் உண்டு.

ரகசியம் காத்தல் என்பதற்கு வரம்பு இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கலிஃபோர்னியாவில் பல்கலைக்கழக மருத்துவமனையில் உளச்சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த மாணவர், தாராசாஃப் என்ற பெண்ணைக் கொல்லும் எண்ணத்தைச் சிகிச்சையாளரிடம் வெளியிட்டார். சிகிச்சையாளர் வளாகக் காவலர்களுக்குச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கோ அவள் குடும்பத்துக்கோ யாரும் சொல்லவில்லை. 1969இல் அவள் கொல்லப்பட்டாள். ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அதன் 23ஆம் பிரிவில் ரகசியத்தை உரிமையாகத் தந்துவிட்டு, பிறரைத் தீங்கிலிருந்து காப்பது, உயிருக்கு வரும் ஆபத்தைத் தடுப்பது போன்ற விலக்குகளையும் சேர்த்தே சொல்கிறது. 18 வயது நிரம்பாதவர் பாலியல் குற்றத்துக்கு ஆளானது தெரியவந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி யாராக இருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இந்த வரம்புகளை முதல் சந்திப்பிலேயே, மாணவர் எதையும் சொல்லத் தொடங்கும் முன்பே, புரியும் தமிழில் சொல்லிவிட வேண்டும். "நீ சொல்றது இந்த ரூமை விட்டுப் போகாது. ஆனா உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, இல்ல சட்டம் சொல்லியே ஆகணும்னா, உன்கிட்ட சொல்லிட்டுத்தான் மத்தவங்ககிட்ட சொல்வேன்" என்று சொல்ல அரை நிமிடம் ஆகும். இந்த அரை நிமிடத்தைத் தவிர்த்துவிட்டுப் பிறகு வெளியே சொல்ல நேர்ந்தால், அந்த மாணவர் இனி எந்த ஆலோசகரிடமும் வாய் திறக்க மாட்டார்.

வருகைக் குறைவு இந்த விலக்குகளில் எதிலும் வராது. காதலும் வராது. கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் 18 வயதைத் தாண்டியவர்கள், வாக்களிக்கும் உரிமை பெற்றவர்கள் என்பதை நம் நிர்வாகங்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டமோ மனநோய் உள்ளவர்களையும் அவர்களுக்குச் சிகிச்சை அளிப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தேர்வு பயத்தோடு ஆலோசனை மையத்துக்கு வரும் மாணவரின் குறிப்பேடு யாருக்குச் சொந்தம் என்பதற்கு அதில் நேரடி விடை கிடையாது. எனவே ஒவ்வொரு நிறுவனமும் இதற்கென்று எழுத்து வடிவில் விதி வகுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

கல்லூரிகளுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கப் போகும்போது நான் முதலில் பார்க்கக் கேட்பது ஆலோசனை அறையையும் பதிவேட்டையும்தான். பெயர் குறிப்பிட வேண்டாத ஒரு கல்லூரியில், ஆசிரியர் ஓய்வறையின் ஒரு மூலையை ஒட்டுப்பலகையால் தடுத்து அறை ஆக்கியிருந்தார்கள். தடுப்பு கூரை வரை எட்டவில்லை. அந்தப் பக்கம் டீ கிளாஸ் வைக்கும் சத்தம் இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. பதிவேட்டில் வரிசையாகக் கட்டங்கள்: பெயர், பதிவெண், துறை, பிரச்சினை, வழங்கிய ஆலோசனை, மாணவர் கையொப்பம், துறைத் தலைவர் கையொப்பம். பிரச்சினை என்ற கட்டத்தில் ஒருவருக்குக் "குடும்பம்", அடுத்தவருக்கு "காதல்", அதற்கடுத்தவருக்கு "மேற்படி". கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது காட்டுவதற்காக இதை வைத்திருக்கிறோம் என்றார்கள், எந்தத் தயக்கமும் இல்லாமல். சந்திப்புகள் நடந்தன என்பதற்குச் சான்று வேண்டுமென்றால், பெயர் இல்லாத எண்ணிக்கை மட்டும் போதும். அடுத்து வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அலுவலக உதவியாளர் வாசலில் நின்று, "கவுன்சிலிங்குக்குக் கூப்பிடுறாங்க" என்று பெயர் சொல்லி அழைத்தார். அறுபது பேர் திரும்பிப் பார்க்க, எழுந்து நடந்த பெண் அன்று என்ன பேசியிருப்பாள் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

தகுதி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆலோசகர் என்ற பலகையை மாட்டிக்கொள்வதற்கோ நெடுங்காலம் எந்தக் கட்டுப்பாடும் இல்லை; துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம் இவர்களையும் தன் அட்டவணைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்தால் நல்லது. ஆனால் பட்டத்தைவிட நான் அதிகம் வற்புறுத்துவது மேற்பார்வையை. எவ்வளவு படித்தவராக இருந்தாலும், வந்தவரின் துயரம் ஆலோசகரின் சொந்தக் காயத்தைத் தொடும் நாள் வரும். மகனை இழந்த ஆலோசகரிடம் தற்கொலை எண்ணத்தோடு ஒரு பையன் வருவான். அப்போது எழும் கோபமோ அளவு மீறிய பரிவோ தமக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொள்ள, இன்னொரு தொழில்முறையாளர் தேவை. கோவாவில் உளமருத்துவர் விக்ரம் படேலும் சங்கத் என்ற தொண்டு அமைப்பும் நடத்தி 2017இல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வில், உளவியல் பட்டம் இல்லாத சாதாரண மக்களே பயிற்சி பெற்று, 6 முதல் 8 அமர்வுகளில், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் பயன் தரும்படி சிகிச்சை அளித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தவர்கள் பட்டம் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். அந்த ஆலோசகர்கள் தங்கள் அமர்வுகளின் ஒலிப்பதிவுகளைக் குழுவாகக் கேட்டு, ஒருவரை ஒருவர் மதிப்பிட்டுத் திருத்திக்கொண்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நம் கல்லூரி ஆலோசகர்களில் எத்தனை பேருக்கு மாதம் ஒரு மணி நேரமாவது இப்படிப் பேச ஓர் ஆள் இருக்கிறார்? மாவட்டத்துக்கு ஒரு மூத்த உளவியலாளரை இதற்கென்று அமர்த்தினாலே, அந்த மாவட்டக் கல்லூரிகள் அனைத்துக்கும் அவர் போதும்.

அரசும் பல்கலைக்கழகங்களும் ஆலோசகர் நியமனத்துக்கான விதிகளை எழுதும்போது, சில வரிகளைச் சேர்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகிறேன். ஆலோசகருக்குப் பாடம் நடத்தும் பொறுப்போ, மதிப்பெண் வழங்கும் பொறுப்போ, ஒழுங்கு நடவடிக்கைப் பொறுப்போ இருக்கக் கூடாது. மாணவர் தாமே நேரம் குறித்துக்கொண்டு வர வழி வேண்டும். துறைத் தலைவர் பரிந்துரைக்கலாம், ஆனால் மாணவர் வந்தாரா என்பதைத் தவிர வேறு எதையும் அவர் கேட்டுப் பெற முடியாது, அதையும் மாணவர் சம்மதித்தால் மட்டுமே. ஆலோசகர் இல்லாத நேரத்தில் அழைக்க, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் இலவச எண் 14416ஐ அடையாள அட்டையின் பின்புறத்திலேயே அச்சிட்டுவிடலாம். பெரிய செலவில்லாத காரியம்.

இறுதியாக, யாரும் யோசிக்காத ஒரு நடைமுறைச் சிக்கல். தொகுப்பூதியத்தில் வரும் ஆலோசகர்கள் ஓரிரு ஆண்டுகளில் வேறு வேலை கிடைத்துப் போய்விடுகிறார்கள். போகும்போது அலமாரிச் சாவியை அலுவலகக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதே இன்றைய வழக்கம். மாணவர்கள் வேறு எவரிடமும் சொல்லாதவற்றைச் சொன்ன குறிப்பேடுகள் அந்த அலமாரியில்தான் இருக்கின்றன. அவற்றை அடுத்து வரும் ஆலோசகரிடம் மட்டுமே நேரில் ஒப்படைக்க வேண்டும், அவர் வரும் வரை முத்திரையிட்டு வைக்க வேண்டும், மாணவர் படிப்பை முடித்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும். அந்த ஆண்டுக் கணக்கை எத்தனை என்று வைப்பது என்பதை உளமருத்துவர்களும் வழக்குரைஞர்களும் கலந்து முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உளவியல் விரிவுரையாளர்,
திருச்சிராப்பள்ளி.